மல்லிகையும் பேதுருவின் கடிதமும்: ஒரே வேதாகமத்தைப் பலர் பலவாறு வாசிப்பது ஏன்?

எங்கள் குடும்பத்தில் ஒரு திருமணம் நடந்தால், மண்டபத்தின் முதல் வரிசையைப் பார்த்தாலே யார் எந்தச் சபை என்று சொல்லிவிடலாம். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் விடியற்காலையில் வாங்கிய மல்லிகையைத் தலை நிறையச் சூடி, பட்டும் சங்கிலியுமாக அமர்ந்திருப்பவர் என் பெரியம்மா. தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையில், தலையில் பூவும் கழுத்தில் பொட்டுத் தங்கமும் இல்லாமல் அமர்ந்திருப்பவர் என் அத்தை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். இருவரும் நாள்தோறும் அதிகாலையில் வேதாகமம் வாசிக்கிறவர்கள். இருவர் கையிலும் இருப்பது, ‘பழைய திருப்புதல்’ என்று அழைக்கப்படும் ஒரே தமிழ் மொழிபெயர்ப்புதான். பூவும் நகையும் கூடாது என்பதற்கு அத்தை காட்டும் வசனத்தைப் பெரியம்மாவும் பார்க்காமல் சொல்லுவார்.

சிறு வயதில் இதைக் கண்டு, இருவரில் யாரோ ஒருவர் கவனமாக வாசிக்கவில்லை என்றே நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு வசனத்தைத் திறப்பதற்கு முன்பே, ஒவ்வொரு வாசகரும் தாம் அறிந்தோ அறியாமலோ சில கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார். அந்த விடைகள் வேறுபடும்போது, எவ்வளவு பக்தியோடு வாசித்தாலும் பொருள் வேறுபடுகிறது. அந்தக் கேள்விகள் எவை என்பதை, வேதாகமத்தைப் புதிதாக அறிய வருகிறவர்களுக்கு இயன்றவரை எளிமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். பேதுருவின் முதலாம் கடிதம் 3-ஆம் அதிகாரம் 3-ஆம் வசனம், “மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய புறம்பான அலங்கரிப்பு உங்களுக்கு அலங்காரமாயிராமல்” என்று பெண்களுக்குச் சொல்லி, அடுத்த வசனத்தில் இருதயத்தில் மறைந்திருக்கும் குணமே அலங்காரமாக இருக்கட்டும் என்று முடிக்கிறது. அத்தை இதை நேரான கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்: பொன் அணியாதே என்று எழுதியிருக்கிறது, ஆகவே அணியவில்லை. வசனத்தில் மல்லிகை இல்லையே என்று கேட்டால், புறம்பான அலங்கரிப்பு என்பது மதுரையில் பூவைத்தானே முதலில் குறிக்கும் என்பார். அவர் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. நகையின் எடையை வைத்து ஒரு குடும்பத்தின் மதிப்பை அளக்கும் நம் ஊரில், அடகு வைக்க ஒரு மூக்குத்திகூட இல்லாத பெண்ணும் தலை குனியாமல் வந்து உட்காரக்கூடிய ஓர் இடத்தை அந்த வாசிப்பு உண்டாக்கியிருக்கிறது.

பெரியம்மாவின் வாசிப்புக்கும் வலுவான அடிப்படை உண்டு. இந்தக் கடிதம் கிரேக்க மொழியில், இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில் சிதறி வாழ்ந்த சிறு சிறு சபைகளுக்கு எழுதப்பட்டது. கிரேக்க மூலத்தில் ‘உயர்ந்த’ என்ற சொல் இல்லை. ‘ஆடைகளை உடுத்துதல்’ என்று மட்டுமே இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் கட்டளையாகக் கொண்டால், பெண்கள் ஆடையே உடுத்தக் கூடாது என்றல்லவா ஆகிவிடும்? அப்படி யாரும் பொருள் கொள்ள முடியாது என்பதால்தான் மொழிபெயர்த்தவர்கள் ஒரு சொல்லைச் சேர்த்து வசனத்தைத் தெளிவாக்கினார்கள். ஆக, இங்கே பேதுரு எதையும் தடை செய்யவில்லை, இதைவிட அது மேல் என்று ஒப்பிட்டுச் சொல்கிறார் என்பது பெரியம்மாவின் பக்கம் நிற்கும் விளக்கம். ‘இது அல்ல, அது’ என்று சொல்லி ‘இதைவிட அது பெரிது’ என்று உணர்த்துவது எபிரெய மரபில் வழக்கமே. ஓசியா 6:6 ஒரே மூச்சில் “பலியை அல்ல இரக்கத்தையும், தகனபலிகளைப்பார்க்கிலும் தேவனை அறிகிற அறிவையும்” விரும்புவதாகச் சொல்வதைக் கவனித்தால், ‘அல்ல’ என்பதும் ‘பார்க்கிலும்’ என்பதும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாக நிற்பது தெரியும்.

என் மனம் இந்த வசனத்தில் பெரியம்மாவின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் அத்தை வாசித்தது வேறொரு வசனத்தை அல்ல என்பதை நான் மறப்பதில்லை. ஒருவர் கட்டளையாகவும் மற்றவர் ஒப்பீடாகவும் கேட்டது ஒரே வாக்கியத்தைத்தான்.

இனி, அந்தக் கேள்விகளுக்கு வருவோம். வேதாகமம் என்பது எவ்வளவு என்பதே முதல் கேள்வி. அத்தையின் வேதாகமத்தில் 66 நூல்கள். கீழவெளி வீதியில் உள்ள மரியன்னை பேராலயத்தில் வாசிக்கப்படும் திருவிவிலியத்தில் 73 நூல்கள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் இவர்களுக்குள் வேறுபாடு இல்லை. பழைய ஏற்பாட்டில்தான், யூதர்களின் எபிரெயத் தொகுப்பில் இல்லாமல் கிரேக்கத் தொகுப்பில் மட்டும் இருந்த நூல்களைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றது. சீர்திருத்தச் சபைகள் விட்டுவிட்டன. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1546-இல் கத்தோலிக்கப் பட்டியலை உறுதி செய்தது. இறந்தவர்களுக்காகச் செபிக்கலாமா என்று ஒரு கத்தோலிக்கரும் ஒரு பெந்தெகொஸ்தேகாரரும் வாதிடும்போது, கத்தோலிக்கர் மக்கபேயர் இரண்டாம் நூலைக் காட்டினால், மற்றவர் கையில் அந்த நூலே இருக்காது.

அடுத்தது, அந்த நூல் எந்த எழுத்தில், எந்த நிலையில் நமக்கு வந்தது என்பது. ஓலைச்சுவடி வாசித்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, சொற்களுக்கு இடையே இடைவெளி இராது, காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இராது. எங்கே பிரித்துப் படிப்பது என்று முடிவு செய்கிறவரே பாதிப் பொருளை முடிவு செய்துவிடுகிறார். எபிரெய வேதம் பல நூற்றாண்டுகள் மெய்யெழுத்துகளாலேயே எழுதப்பட்டு வந்தது. உயிரொலிக் குறிகள் மிகப் பிற்காலத்தில் சேர்ந்தவை. பழைய கிரேக்கப் பிரதிகளிலோ சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை.

இதனால் என்ன நேரும் என்பதற்கு லூக்கா 23:43 தெளிவான சான்று. சிலுவையில் தொங்கும் கள்வனிடம் இயேசு பேசும் அந்த வாக்கியத்தை, மூலத்தின் சொல் வரிசைப்படி ‘உனக்குச் சொல்கிறேன் இன்று என்னோடு பரதீசில் இருப்பாய்’ என்று எழுதலாம். ‘இன்று’ என்பது சொல்வதோடு சேருமா, இருப்பதோடு சேருமா? பெரும்பாலான சபைகள் இருப்பதோடு சேர்த்து, இறந்த அன்றே அவன் பரதீசில் இருந்தான் என்று வாசிக்கின்றன. மரணத்துக்குப் பின் மனிதர் உயிர்த்தெழுதல் வரை உணர்வின்றி இருப்பர் என்று நம்பும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் யெகோவாவின் சாட்சிகளும் ‘இன்று உனக்குச் சொல்கிறேன்’ என்று சேர்க்கின்றனர். ஆங்கிலத்தில் இது ஒரு காற்புள்ளியின் சண்டை. தமிழிலோ அப்படி ஒரு புள்ளிக்குள் மறைந்துகொள்ள வழியில்லை. ‘இன்றைக்கு’ என்ற சொல்லை ‘என்று’ என்பதற்கு முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்று மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்தே ஆக வேண்டும். 1871-இல் வெளிவந்த பழைய திருப்புதல், “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்” என்று தீர்மானித்தது. அதை வாசிக்கும் நமக்கு, அங்கே ஒரு கேள்வி இருந்தது என்பதே தெரிவதில்லை.

ஒரு மொழியின் இயல்பே சண்டையைத் தோற்றுவிக்கவும், இல்லாமல் ஆக்கவும் கூடும். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சீர்திருத்தத் தலைவர்களான மார்ட்டின் லூத்தரும் சுவிங்கிலியும் சந்தித்து, ஏறக்குறைய எல்லாவற்றிலும் உடன்பட்டு, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் இராப்போசனத்தில் மட்டும் பிரிந்தார்கள். ‘இது என் சரீரம்’ என்று இயேசு அப்பத்தைக் காட்டிச் சொன்னதில், ‘ஆக இருக்கிறது’ என்பதை உள்ளபடியே கொள்ள வேண்டும் என்று லூத்தர் அந்த வாக்கியத்தை மேசை மேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தார். அதற்கு ‘குறிக்கிறது’ என்பதே பொருள் என்றார் சுவிங்கிலி. தமிழில் ‘இது என் வீடு’ என்று சொல்ல அப்படி ஒரு வினைச்சொல்லே வேண்டியதில்லை. திருவிவிலியம் ‘இது எனது உடல்’ என்று இரண்டு பெயர்களை அருகருகே வைத்து நிறுத்திவிடுகிறது. ‘என்னுடைய சரீரமாயிருக்கிறது’ என்று பழைய திருப்புதல் இழுத்து எழுதியிருப்பதில், அந்த ஐரோப்பிய வினைச்சொல்லை விட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்குத் தெரிகிறது.

எழுத்தின் வகை என்ன என்பதும் ஒரு கேள்வி. சட்டத்தைச் சட்டமாகவும், பாட்டைப் பாட்டாகவும், கடிதத்தைக் கடிதமாகவும் வாசிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது. எது எந்த வகை என்பதில்தான் இருக்கிறது. உன்னதப்பாட்டு ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் தேடும் காதற்பாடல். யூதர் அதைக் கடவுளுக்கும் இஸ்ரவேலுக்கும் இடையிலான அன்பாகவும், திருச்சபை கிறிஸ்துவுக்கும் சபைக்கும் இடையிலான அன்பாகவும் நெடுங்காலம் வாசித்தன. அகப்பாட்டின் உள்ளுறையையும் இறைச்சியையும் அறிந்த தமிழருக்கு இது புதிதல்ல. தலைவி சொல்லும் குருகும் கழியும் வெறும் குருகும் கழியும் அல்ல என்று நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு எல்லை எது? நல்ல சமாரியன் உவமையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் அப்போஸ்தலனாகிய பவுல் என்று பழந்திருச்சபையின் பேராசிரியரான அகஸ்தீன் விளக்கினார். பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தத் தலைவரான கால்வின் இத்தகைய விளக்கங்களை ஏற்க மறுத்து, உவமை சொல்வதை மட்டும் சொல்லட்டும் என்றார். ‘எனக்கு அயலான் யார்’ என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை அது என்பதால் நான் கால்வினின் பக்கம் நிற்கிறேன். சத்திரக்காரன் யார் என்று தேடப் புகுந்தால், வழியில் கிடப்பவனை மறந்துவிட நேரும்.

இரண்டு வசனங்கள் எதிரெதிரே நிற்பதாகத் தோன்றினால், எதைக் கொண்டு எதை விளக்குவது? மனிதன் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்று யாக்கோபு எழுதுகிறார். லூத்தர் பவுலை விளக்காக ஏந்தி யாக்கோபை வாசித்தார். கத்தோலிக்கர் இருவரையும் ஒன்றாகப் பிணைத்து வாசித்தார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற கேள்வியும் இப்படிப்பட்டதே: ஒரு வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளை முன்வைப்பவர் தெளிப்பு ஞானஸ்நானத்தில் குறை காண்பதில்லை, விசுவாசித்தவனே பெற வேண்டும் என்ற வரியை முன்வைப்பவர் பெரியவரான பிறகு தொட்டியில் முழுகச் சொல்கிறார்.

இவ்வளவுக்கும் மேலாக, தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி நிற்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில், எத்தியோப்பிய மந்திரி ஒருவர் தேரில் அமர்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசிப்பதன் கருத்து தெரியுமா என்று பிலிப்பு கேட்க, “ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்” என்று அவர் பதில் சொன்னார். அந்தத் தெரிவிக்கும் ‘ஒருவர்’ யார் என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கருக்கு அது ஆயர்களும் திருத்தந்தையும் காத்துவரும் மரபு. லூத்தரின் வழியில் வந்தவர்களுக்கு வேதம் தன்னைத் தானே விளக்கும். பெந்தெகொஸ்தே சபையாருக்குப் பரிசுத்த ஆவியானவர் இன்றும் வாசகரின் உள்ளத்தில் விளக்கம் தருகிறார். நடைமுறையில் எல்லாச் சபைகளிலும் ஞாயிறுதோறும் ஒருவர் எழுந்து நின்று பொருள் சொல்லவே செய்கிறார். தனக்கு மரபே இல்லை என்று சொல்லும் சபையிலும் அப்படிச் சொல்லப்பட்டவை ஒரு தலைமுறைக்குள் மரபாக உறைந்துவிடுகின்றன.

வாசிப்பவர் எங்கே நின்று வாசிக்கிறார் என்பதை நான் இறுதிவரை நிறுத்தி வைத்ததற்குக் காரணம், இதை மதுரையைவிட நன்றாகக் காட்டும் ஊர்கள் குறைவு என்று நான் கருதுவதுதான். 1606-இல் இங்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவியான ராபர்ட் டி நொபிலி, காவி உடுத்தி, புலால் நீக்கி, தத்துவபோதகர் என்ற பெயரில் வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சமுதாய வழக்கங்களே, சமய அடையாளங்கள் அல்ல, ஆகவே கிறிஸ்தவரான பின்னும் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் முடிவு. அதே மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றிவந்த போர்த்துக்கேயரான கொன்சாலோ பெர்னாண்டஸ், இது சமயத்தையே விட்டுக்கொடுப்பது என்று மேலிடத்துக்கு எழுதினார். ஒரே சபையைச் சேர்ந்த இருவர், ஒரே ஊரில் இருந்துகொண்டு, எது நம்பிக்கை எது வழக்கம் என்ற கோட்டை வெவ்வேறு இடத்தில் கிழித்தார்கள். வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போய், 1623-இல் நொபிலிக்குச் சார்பாக முடிந்தது. “எல்லாருக்கும் எல்லாமானேன்” என்ற பவுலின் வரியே இத்தகைய அணுகுமுறைக்கு இன்றுவரை காட்டப்படும் ஆதாரம். அந்த முடிவு சாதிப் பிரிவையும் உடன் அழைத்து வந்தது: உயர் சாதியாரிடையே ஒருவகைக் குருக்களும், மற்றவரிடையே பண்டாரசாமிகள் என்ற வேறுவகைக் குருக்களும் பணியாற்றும் நிலை பின்னர் ஏற்பட்டது.

1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் அதே பவுலின் வேறொரு கடிதத்தை ஏந்தி வந்தார்கள். யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை என்கிற கலாத்தியர் கடிதத்தில், புறஜாதியாரோடு அமர்ந்து உண்பதிலிருந்து விலகிய பேதுருவைப் பவுல் நேருக்கு நேர் கண்டிக்கிறார். சாதியை விட்டதற்கு அடையாளம் கூட அமர்ந்து உண்பதே என்று அவர்கள் வற்புறுத்தியபோது, மறுத்து விலகியவர்களும் உண்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வாசிப்பு வந்த திசையே மாறியது. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த, ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்து, ஒரே உலையில் பொங்கியதை எல்லாரும் பகிர்ந்து உண்பதாக இராப்போசனத்தை விளக்கினார். கொரிந்து சபையில் வசதி படைத்தவர்கள் முந்தி உண்ண, ஏழைகள் பசியோடு இருந்ததையே பவுல் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார் என்பதைத் திரும்பிப் போய்ப் பார்த்தால், அப்பாவுவின் விளக்கம் மூலத்துக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது தெரியும். தனிக் குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டவர்களின் கண்ணுக்கு முதலில் பட்டது, மேசைக்குத் தலைமாட்டில் அமர்ந்தவர்களுக்குப் படவில்லை.

அப்படியானால் எந்தப் பொருளும் சரியா என்று கேட்பவர்களுக்கு, இதே ஊரின் பழங்கதை ஒன்றை நினைவூட்டலாம். ஆலவாய் இறைவனே அருளியதாகச் சொல்லப்படும் இறையனார் அகப்பொருளின் 60 நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டார்கள்; யாருடையது மெய்யுரை என்று அவர்களால் தீர்க்க முடியவில்லை. பேசாத சிறுவனான உருத்திரசன்மனை நடுவனாக அமர்த்தி எல்லாரும் உரை வாசித்தார்கள். மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களிலும், நக்கீரர் வாசித்தபோது சொல்தோறும், அவன் கண்ணீர் வார மெய்சிலிர்த்தான் என்கிறது கதை. நாற்பத்தொன்பதும் உரைதான், எல்லாம் ஒரே தரம் அல்ல. வேதாகமத்துக்கும் இலக்கணம் மறுக்கும் பொருள், முன்பின் வசனங்கள் மறுக்கும் பொருள், எழுதப்பட்ட காலத்தில் யாருமே நினைத்திருக்க முடியாத பொருள் என்று தள்ள வேண்டியவை உண்டு. அவற்றைத் தள்ளிய பிறகும் ஒன்றுக்கு மேற்பட்டவை எஞ்சும் என்பதே நான் சொல்ல வந்தது.

தொடங்குகிறவர்கள் இதைத் தாமே கண்டுகொள்ள, ரோமர் 16:1-ஐயும் 1 தீமோத்தேயு 3:8-ஐயும் பழைய திருப்புதலில் அடுத்தடுத்து எடுத்துப் பார்க்கலாம். முதலாவதில் பெபேயாள் என்ற பெண் கெங்கிரேயா ஊர் சபைக்கு ‘ஊழியக்காரி’. இரண்டாவதில் சபையின் பொறுப்பில் இருப்பவர்கள் ‘உதவிக்காரர்’. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான் நிற்கிறது. பெபேயாள் பொதுவாக ஊழியம் செய்தவரா, சபையின் பதவி ஒன்றை வகித்தவரா என்பது அந்தச் சொல்லை எப்படிக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெண்கள் குருப்பட்டம் பெறலாமா என்று இன்று நடக்கும் விவாதத்தில் இந்த வசனம் தவறாமல் வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்கு அதை வழங்குவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் ஒரு பெண் பேராயராகவே பொறுப்பேற்றார். ரோமருக்கு எழுதிய அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துச் சென்றவர் பெபேயாளே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால், அது ரோமில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, பொருள் விளங்காத இடத்தில் கூடியிருந்தவர்கள் விளக்கம் கேட்டுத் திரும்பியது அவர் பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.